ஓடத் தெரிந்தவர்களுக்கு மட்டுமா திடல்? தொடக்கப்பள்ளியில் திடல்தடம் கற்பிப்பதில் உள்ள சவால்கள்

லாபிஸ்: கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில் தமிழ்ப்பள்ளித் திடல்களில் சுண்ணாம்புக் கோடுகள் விழத் தொடங்கும். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என மாணவர்கள் இல்லம் இல்லமாகப் பிரிவார்கள். வேகமாக ஓடும் பிள்ளைகளின் பெயர்கள் ஆசிரியரின் தாளில் ஏறும். மற்றவர்கள் கூடாரத்தின் கீழ் அமர்ந்து கைதட்டுவார்கள். கிண்ணங்கள் வழங்கப்பட்டு, புகைப்படங்கள் எடுக்கப்பட்டு, போட்டி முடிந்ததும் கோடுகள் மழையில் கரைந்துவிடும். அடுத்த ஆண்டு வரை அந்தப் பேச்சு மீண்டும் எழாது.

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், சிகாமட் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த லாபிஸ் போன்ற சிறு பட்டணங்களுக்கு இது பழகிப்போன காட்சி. தோட்டத்தில் வளரும் பிள்ளைக்கு ஓட்டமும் தாண்டுதலும் புதியவை அல்ல. ஆயினும், பள்ளியில் திடல்தடத்தை முறையாகக் கற்கும் பிள்ளைகள் சிலரே. ஏற்கெனவே வேகமாக ஓடுகிறவர் யார் என்று தேடுவது ஒன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓடக் கற்றுத்தருவது வேறொன்று. தொடக்கப்பள்ளிகளில் முதலாவது நடக்கும் அளவுக்கு இரண்டாவது நடப்பதில்லை. அதற்கான காரணங்களையும், இருக்கும் வசதியைக் கொண்டே செய்யக்கூடியவற்றையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பாடத்திட்டத்தில் இடம் உண்டு

திடல்தடம் புறப்பாட நடவடிக்கை மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உடற்கல்விப் பாடத்தின் ஒரு பகுதி. 2011-இல் அறிமுகமான கே.எஸ்.எஸ்.ஆர். எனும் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் அடிப்படைத் திடல்தடம் ஒரு கூறாக உள்ளது. ஓடுதல், தாண்டுதல், எறிதல் ஆகிய மூன்றும் எல்லா மாணவர்களுக்கும் கற்பிக்கப்பட வேண்டியவை.

அதே 2011-இல் 'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' கொள்கையும் நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஒரு விளையாட்டிலாவது ஈடுபட வேண்டும் என்பதே அதன் நோக்கம். நான்காம் ஆண்டு முதல் 'செகாக்' எனப்படும் உடல்தகுதிச் சோதனையும் ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுகிறது. படியேறுதல், தண்டால், வயிற்றுத் தசைக்கான பயிற்சி, உட்கார்ந்து கையை முன்னே நீட்டுதல் ஆகியவை அதில் அடங்கும்.

போட்டி விளையாட்டுக்கு வேறொரு ஏணி இருக்கிறது. பள்ளி அளவில் தேர்வாகும் மாணவர் மாவட்டம், மாநிலம், தேசியம் என ஒவ்வொரு படியாக ஏறுகிறார். 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் குறுந்தூர ஓட்டங்கள், அஞ்சல் ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல் ஆகியவை முக்கியமானவை.

பாடமும் போட்டியும் ஒரே திடலில், பெரும்பாலும் ஒரே ஆசிரியரின் பொறுப்பில் நடக்கின்றன. மாவட்டப் போட்டிக்கு நாள் நெருங்கும்போது பாடம் ஒதுங்கிப் போட்டி முன்னே வந்துவிடுகிறது. 'சுக்கான்தாரா' எனும் முன்னோட்டப் போட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்லா மாணவர்களும் ஓடி, தாண்டி, எறிந்து, குறிப்பிட்ட அளவை எட்டினால் தத்தம் இல்லத்துக்குப் புள்ளி சேர்ப்பதே அதன் முறை. நடைமுறையிலோ, இறுதிச் சுற்றுக்கு ஆள் பொறுக்கும் நாளாக அது சுருங்கிவிடுவது உண்டு.

அரை மணி நேரத்தில் எத்தனை தாண்டல்?

தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடம். வகுப்பிலிருந்து திடலுக்கு வருவது, உடை மாற்றுவது, வரிசையில் நிற்பது, மீண்டும் வகுப்புக்குத் திரும்புவது ஆகியவற்றுக்கு 10 நிமிடம் போய்விடும். மீதம் 20 நிமிடம்.

30 மாணவர்கள் கொண்ட வகுப்பில் ஒரே மணல்குழியின் முன் அனைவரையும் வரிசையாக நிறுத்தி நீளம் தாண்டச் சொன்னால் என்ன ஆகும்? ஒருவர் ஓடிவந்து தாண்டி எழுந்து விலக ஏறத்தாழ 20 வினாடி ஆகும் என்று கொண்டால், 30 பேர் தாண்டி முடிக்க 10 நிமிடம். ஆக, ஒரு பாடவேளையில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டே தாண்டல்கள். மீதி நேரம் முழுவதும் வெயிலில் காத்திருப்புதான். காத்திருக்கும் பிள்ளைகள் தள்ளிக்கொள்வார்கள், ஆசிரியர் அதட்டுவார். திடல்தடம் சலிப்பான பாடம் என்ற எண்ணம் அங்கிருந்தே பிறக்கிறது.

அதே வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, நான்கு இடங்களில் நான்கு வேலைகளைக் கொடுத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஊதல் ஊதி இடம் மாற்றினால் கணக்கு மாறும். ஒவ்வோர் இடத்திலும் ஏழு எட்டுப் பேர்தான் இருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வாய்ப்பு கிடைத்தாலே, மொத்தம் எட்டு முறை ஓடவோ தாண்டவோ எறியவோ முடியும். திடல் அதேதான், ஆசிரியரும் அவரேதான். பயிற்சி மட்டும் நான்கு மடங்காகிறது.

சிறிய பள்ளி, குறைந்த கைகள்

நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. கல்வி அமைச்சு இவற்றைக் 'குறைந்த மாணவர் பள்ளிகள்' என வகைப்படுத்துகிறது. தோட்டப்புறப் பள்ளிகள் பல இந்தப் பிரிவில் அடங்கும். மாணவர் எண்ணிக்கை மிகவும் குறைந்த இடங்களில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் கூட்டு வகுப்பு முறையும் உண்டு.

இத்தகைய பள்ளியில் உடற்கல்வியைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற ஆசிரியர் இருப்பது அரிது. தமிழோ கணிதமோ அறிவியலோ பயின்ற ஆசிரியரே உடற்கல்வியையும் ஏற்பார். அவரே புறப்பாடப் பொறுப்பாளராகவும், மாவட்டப் போட்டிக்கு மாணவர்களை அழைத்துச் செல்பவராகவும் இருப்பார். குண்டை எப்படிப் பிடிப்பது, கோலை எப்படிக் கைமாற்றுவது என்பதை அவர் தம் பள்ளி நாள்களின் நினைவிலிருந்தே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அந்த நினைவு சில வேளைகளில் காலாவதியாகியும் இருக்கும். 4 × 100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முன்பு கோலை மாற்றும் பகுதி 20 மீட்டர். அதற்கு முன்னால் வேகமெடுக்க 10 மீட்டர் தனியாக இருந்தது. 2017-இன் இறுதியில் அனைத்துலக விதி மாறி, இப்போது முழு 30 மீட்டரும் கோல் மாற்றும் பகுதியாகிவிட்டது. பழைய முறையில் பயிற்றுவிக்கப்பட்ட குழு 10 மீட்டர் வாய்ப்பை வீணாக்குகிறது. மாவட்டப் போட்டியில் எந்த விதி பின்பற்றப்படுகிறது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சிறிய பள்ளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அஞ்சல் ஓட்டக் குழு அமைக்க, 12 வயதுக்குட்பட்ட நான்கு ஆண் பிள்ளைகளோ நான்கு பெண் பிள்ளைகளோ தேவை. மொத்தம் 30, 40 மாணவர்கள் உள்ள பள்ளியில் இதுவே பெரிய வேலை. ஒரே பிள்ளை மூன்று நான்கு போட்டிகளில் இறங்கிக் களைத்துப்போவதற்கும் இதுவே காரணம். அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகள் மாதம் ஒரு நாளாவது ஒன்றுசேர்ந்து பயிற்சி நடத்தினால், பிள்ளைகளுக்கு உடன் ஓட ஆள் கிடைக்கும். ஆசிரியர்களுக்கும் ஒருவருக்கொருவர் கைகொடுக்க வாய்ப்பு அமையும்.

திடல் சிறியதுதான், ஆனாலும் தடம் போடலாம்

400 மீட்டர் தடம் போட ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் தேவை. தோட்டப் பள்ளிகளில் அவ்வளவு இடம் இருக்காது. ஆனால் 91 மீட்டர் நீளம், 38 மீட்டர் அகலம் கொண்ட இடம் இருந்தால் நான்கு பாதைகள் உள்ள 200 மீட்டர் தடம் போட முடியும்.

முறை இதுதான். திடலின் நடுவில் 52.88 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடிக்க வேண்டும். ஒவ்வொரு முளையிலும் 14.80 மீட்டர் கயிற்றைக் கட்டி, வெளிப்புறமாக அரைவட்டம் வரைய வேண்டும். இரண்டு அரைவட்டங்களையும் நேர்கோடுகளால் இணைத்தால் உள்கோடு கிடைக்கும். கோட்டிலிருந்து 20 செண்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கிட்டால், முதல் பாதையில் ஒரு சுற்று 200 மீட்டர். ஒவ்வொரு பாதைக்கும் 1 மீட்டர் அகலம் விட்டு மற்ற கோடுகளை வரையலாம்.

பாதை மாற மாற, தொடக்கக் கோட்டை எவ்வளவு முன்னே தள்ளுவது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். ஒரு முழுச் சுற்றுக்கு இந்த இடைவெளி தடத்தின் அளவைப் பொறுத்ததன்று. பாதையின் அகலத்தையே பொறுத்தது. அகலத்தை 6.28-ஆல் பெருக்கினால் போதும். பாதை 1 மீட்டர் என்றால், இரண்டாவது பாதைக்காரர் 6.28 மீட்டரும், மூன்றாமவர் 12.56 மீட்டரும், நான்காமவர் 18.84 மீட்டரும் முன்னே நின்று தொடங்க வேண்டும். இதை ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டே அளக்க வைத்தால், கணிதப் பாடத்துக்கும் அது கைகொடுக்கும்.

100 மீட்டர் நேர்ப்பாதைக்குச் சிறிய திடலில் இடம் இருக்காது. மூலைக்கு மூலை கோடு போட்டால் தூரம் கிடைக்கலாம். ஆனால் முடிவுக் கோட்டைத் தாண்டி வேகத்தைக் குறைக்க இடம் இருக்காது. வேலியிலோ வடிகாலிலோ மோதும் ஆபத்து உண்டு. 60 மீட்டர் அல்லது 80 மீட்டர் ஓட்டமாகப் பயிற்சி தருவதே பாதுகாப்பானது. இந்த வயதில் விரைவோட்டத்தின் அடிப்படைகளைப் பழக அந்தத் தூரம் போதுமானது.

செயற்கைத் தடம் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற எண்ணமும் சரியன்று. ஜமைக்காவின் அசாஃபா பவல், ஷெல்லி ஆன் ஃபிரேசர் பிரைஸ் போன்ற உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரர்கள் கிங்ஸ்டன் நகரில் புல்தடத்தில் பயிற்சி பெற்றவர்கள். உசேன் போல்ட் ஊர்ப்புறத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் படித்து, 12 வயதில் அப்பள்ளியின் மிக வேகமான மாணவராக விளங்கியவர். புல்தரையில் குழி, கல், உடைந்த கண்ணாடி ஆகியவை இல்லாமல் பார்த்துக்கொள்வதே முதல் தேவை.

மழை, வெயில், இடி, புகைமூட்டம்

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். சிகாமட் மாவட்டம் வெள்ளத்துக்குப் பழக்கப்பட்ட பகுதி. 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் ஏற்பட்ட பெருவெள்ளங்களை இவ்வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் திடல் சேறாகிவிடும். மண்டபம் இல்லாத பள்ளியில், கூரையுள்ள நடைபாதையிலும் உணவகத்திலும் செய்யக்கூடிய பயிற்சிகளை ஆசிரியர் தயாராக வைத்திருப்பது நல்லது. நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி ஓடுதல், கோல் கைமாற்றுதல், நின்றபடி தாண்டுதல் ஆகியவற்றுக்குப் பெரிய இடம் தேவையில்லை.

மழை ஓய்ந்தால் வெயில். வெயிலில் பிள்ளைகள் பாதிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் போதிய தண்ணீர் குடிக்காததும், ஓய்வின்றி ஓட வைப்பதும்தான். பயிற்சியைக் காலை 10 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ வைப்பதும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க விடுவதும் எளிய தற்காப்பு. தலைசுற்றல், குமட்டல், குழப்பமான பேச்சு தென்பட்டால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலைக் குளிரவைத்து, மருத்துவ உதவி நாட வேண்டும்.

இடியைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால், திடலை விட்டுக் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். மரத்தடியும் கூடாரமும் பாதுகாப்பான இடங்கள் அல்ல.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படும். 200-ஐத் தாண்டினால் பள்ளி மூடப்படும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அதை உடற்கல்வி ஆசிரியரிடம் முன்பே தெரிவித்திருக்க வேண்டும்.

ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும்

போட்டிகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டு முடிவாகிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு உண்டு. 10 வயதில் ஓராண்டு என்பது சிறிய வேறுபாடன்று.

பருவ வளர்ச்சியும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பெண் பிள்ளைகள் பொதுவாக 11, 12 வயதில் வேகமாக உயர்வார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அது 13, 14 வயதில் நிகழும். முன்னதாக வளர்ந்துவிட்ட பிள்ளை பதினொன்றில் முதலிடம் பிடிப்பதும், பின்னதாக வளரும் பிள்ளை கடைசியில் வருவதும் இயல்பு. நான்கு ஆண்டுகள் கழித்து அந்த வரிசை தலைகீழாகவும் மாறலாம்.

முதலாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ 'இவன் ஓடமாட்டான்' என்று ஒதுக்கிவிட்டால், தாமதமாக வளரும் பிள்ளை இனித் திடல் பக்கமே வராமல் போகலாம். எல்லாருக்கும் கற்றுத்தர வேண்டும் என்பது இரக்கத்துக்காகச் சொல்லப்படுவதன்று. நாளைய ஓட்டக்காரர் இன்று கூடாரத்தின் கீழ் கைதட்டிக்கொண்டிருக்கலாம் என்பதே அதன் காரணம்.

சிறுவர் திடல்தடம்: உலகம் கண்ட வழி

பெரியவர்களின் போட்டியை அப்படியே சுருக்கிச் சிறுவர்களுக்குக் கொடுப்பது தவறு என்பதை அனைத்துலகத் திடல்தடச் சம்மேளனம் 2001-இல் ஒரு பணிக்குழு அமைத்து ஆராய்ந்தது. அதன் விளைவே 'சிறுவர் திடல்தடம்' எனும் திட்டம். 7-8, 9-10, 11-12 என வயதுப் பிரிவுகள். ஆண், பெண் கலந்த குழுக்கள். தனிநபருக்கு அல்லாமல் குழுவுக்கே புள்ளி. ஒரே நேரத்தில் பல பிள்ளைகள் இயங்கும் ஏற்பாடு என்பவை அதன் அடிப்படைகள். மெதுவாக ஓடும் பிள்ளையின் முயற்சியும் குழுவின் கணக்கில் சேர்கிறது. அதனால் யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

இதற்கென மெத்தென்ற தடைகள், நுரை ஈட்டிகள், வளையங்கள் என விற்பனைப் பொருள்கள் உள்ளன. அவை இல்லாமலும் நடத்தலாம். சில எடுத்துக்காட்டுகள்:

தடை தாண்டும் ஓட்டம்: காலி அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைக்கலாம். கால் பட்டால் பெட்டி விழும், பிள்ளை விழாது.

தவளைத் தாண்டல்: முதல் பிள்ளை இரு கால்களாலும் தாவி விழுந்த இடத்திலிருந்து அடுத்த பிள்ளை தாவும். குழுவின் மொத்தத் தூரமே மதிப்பெண்.

குறி எறிதல்: பழைய டயரைத் தரையில் வைத்து, காலுறைக்குள் பந்தை இட்டு முடிந்து எறியலாம். பழைய நீர்க்குழாயை வளைத்து ஒட்டினால் எறிவளையம் ஆகும்.

தொடர் ஓட்டம்: 30 செண்டிமீட்டர் நீளத்தில் வெட்டிய குழாய்த் துண்டு கோலாகும். வெட்டிய முனைகளைத் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும்.

8 நிமிட ஓட்டம்: சிறிய சுற்றுப்பாதையில் குழுவினர் தத்தம் வேகத்தில் ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சீட்டோ மூடியோ பெற்றுக்கொள்வார்கள். இறுதியில் குழுவின் மூடிகளை எண்ணிப் புள்ளி கொடுக்கலாம்.

கற்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஓட்டத்தில், கைகள் உடலுக்குக் குறுக்கே ஆடாமல் முன்னும் பின்னும் போக வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். முடிவுக் கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது பிள்ளைகளின் வழக்கமான பிழை. கோட்டுக்கு 5 மீட்டர் அப்பால் ஒரு கூம்பை வைத்து, 'அதுவரை ஓடு' என்றால் பழகிவிடுவார்கள். மாவட்டப் போட்டியில் 'கெ காரிசான்', 'செடியா' எனும் மலாய் கட்டளைகளுக்குப் பின் வெடிச்சத்தம் கேட்கும். முதல்முறை கேட்கும் பிள்ளை மிரண்டு நின்றுவிடலாம். இரண்டு பலகைகளை ஓங்கித் தட்டி, பள்ளியிலேயே அதைப் பழக்கலாம்.

நீளம் தாண்டுதலில், எந்தக் காலால் உந்துவது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ஐந்து அடி ஓடித் தாண்டச் சொல்லி, பிறகு தூரத்தைக் கூட்டலாம். மணல் 30 செண்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் கிளறிவிட வேண்டும். மண்வாரியைப் பல் மேலே இருக்கும்படி போட்டுவைக்கவே கூடாது.

உயரம் தாண்டுதலில், தடித்த மெத்தை இல்லாத பள்ளி முதுகுப்புறமாக விழும் முறையைத் தொடவே வேண்டாம். கால்களைக் கத்தரிபோல் வீசித் தாண்டி, நின்றபடி இறங்கும் முறையே போதும். எறிதலில் ஒரே விதி: எல்லாரும் எறிந்து முடித்த பிறகே எடுக்கப் போக வேண்டும். அதுவும் ஆசிரியரின் ஊதலுக்குப் பிறகுதான்.

பெண் பிள்ளைகளும் மாற்றுத்திறன் பிள்ளைகளும்

பத்து, பதினொரு வயதானதும் பெண் பிள்ளையைத் திடலிலிருந்து நிறுத்திவிடும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. முழங்கால் வரை மூடும் உடை, உடை மாற்றத் தனியறை, பயிற்சியில் ஓர் ஆசிரியை உடனிருப்பது ஆகியவற்றைப் பள்ளி உறுதிசெய்தால் பெற்றோரின் தயக்கம் குறையும். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்ற முதல் மலேசியப் பெண்மணியானவர் எம். ராஜாமணி. பேராக், தாப்பாவில் பிறந்த அவரைப் பற்றி ஒரு நாள் வகுப்பில் சொன்னாலே பல பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உடற்குறை உள்ள பிள்ளைக்கு உடற்கல்வி நேரத்தில் நூலகத்தில் இடம் ஒதுக்குவதும் வழக்கமாகிவிட்டது. தமிழகத்தின் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் பாதிக்கப்பட்டவர். அவர் கைப்பந்து ஆடுவதைக் கண்ட பள்ளி உடற்கல்வி ஆசிரியர், உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். 14 வயதில், உடற்குறையற்ற மாணவர்களுடன் போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அந்த ஆசிரியர் அன்று அவரை ஓரமாக உட்கார வைத்திருந்தால், இந்தக் கதை தொடங்கியே இருக்காது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

தோட்டத்திலிருந்து வேனில் வரும் பிள்ளைக்கு மாலைப் பயிற்சி என்பது மூன்று சிக்கல்களைக் கொண்டது: மதிய உணவு, திரும்பிச் செல்லும் வாகனம், காலணி. பெற்றோர் ஆசிரியர் சங்கம் இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டால், ஆசிரியரின் சுமையில் பாதி குறையும். பயிற்சி நாளில் இரண்டு பெற்றோர் முறைவைத்து உணவும் வாகனமும் பார்த்துக்கொள்ளலாம். 50 மீட்டர் அளவுநாடா, ஊதல், கூம்புகள், மண்வாரி, கயிறு, சுண்ணாம்பு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நேரம் பார்க்கக் கைப்பேசியே போதும்.

'விளையாடினால் படிப்பு கெடும்' என்ற அச்சத்துக்கும் இப்போது இடமில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் இரத்தாகிவிட்டது. ஆறாம் ஆண்டு மாணவரைத் திடலிலிருந்து விலக்கிவைக்க அந்தக் காரணம் இனி இல்லை. பின்னாளில் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு உரியது. திறமையுள்ள பிள்ளைக்குப் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, ஜொகூர் பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி போன்றவை முதலாம் படிவத்திலேயே கதவைத் திறக்கின்றன. அந்தக் கதவு 12, 13 வயதில் திறப்பது. தொடக்கப்பள்ளியில் எதையும் கற்காத பிள்ளை, அதன் முன் நிற்கும் வாய்ப்பையே இழக்கிறது.

டாக்டர் எம். ஜெகதீசன் 1966 ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 × 100 மீட்டர் என மூன்று தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிப் படைத்த தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்து, 2017-இல்தான் முறியடிக்கப்பட்டது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் விரைவு நடையில் தங்கம் வென்றார். இந்தப் பெயர்களைச் சமுதாயம் பெருமையோடு சொல்கிறது. அடுத்த பெயர் எங்கிருந்து வரும் என்பது யாருக்கும் தெரியாது.

எனவே, அடுத்த விளையாட்டுப் போட்டியின்போது முதலில் வந்த பிள்ளைக்குக் கைதட்டுவதோடு, கடைசியாக வந்த பிள்ளை சென்ற ஆண்டைவிட எத்தனை வினாடி முன்னேறியது என்பதையும் பள்ளி எழுதி வைக்கலாம். ஒரு குறிப்பேடும் ஒரு கைப்பேசியும் இருந்தால் போதும். அந்த எண்ணை அந்தப் பிள்ளையிடம் சொல்லும் நாளில், கூடாரத்தின் கீழ் இருந்த ஒரு பிள்ளை திடலுக்குள் வந்துவிடும்.